சிவப்பு யாருக்கு? மீனாட்சி கல்யாணத்துல இருந்து மேல்மருவத்தூர் வரை

இந்த எபிசோட் ஒரு நிறத்தைப் பத்தினது. சிவப்பு. ஒரு நிறத்தை வச்சு அரை மணி நேரம் பேச என்ன இருக்குன்னு உங்களுக்குத் தோணலாம். அதனால மதுரைக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

சித்திரைத் திருவிழாவுல மீனாட்சி திருக்கல்யாணம். அம்மன் கழுத்துல மங்கல நாண் ஏறுற அதே நேரத்துல, கோயில்ல நிக்கிற பெண்கள், வீட்ல டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கிற பெண்கள்னு ஆயிரக்கணக்கானவங்க தங்களோட பழைய தாலிக்கயித்தை மாத்திப் புதுசு கட்டிக்குவாங்க. தாலியில குங்குமம், நெத்தியில குங்குமம், வகிட்டுல குங்குமம். அந்தத் தாழம்பூ குங்கும வாசனை ஊரு முழுக்க இருக்கும். அன்னைக்கு மதுரையில சிவப்புன்னா மங்கலம்.

அடுத்த சில நாள்லயே அழகர் வைகையில இறங்குவார். தல்லாகுளம் பெருமாள் கோயில்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்த ஆண்டாள் மாலையைப் போட்டுக்கிட்டு, தங்கக் குதிரையில கிளம்புவார். அப்ப கூட்டத்துல எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "இந்த வருஷம் என்ன பட்டு?" பட்டர் பெட்டிக்குள்ள கைவிட்டு, கையில எது கிடைக்குதோ அந்தப் பட்டைத்தான் அழகருக்குக் கட்டுவாங்கன்னு ஊர்ல சொல்றது வழக்கம். பச்சைப் பட்டுன்னா மழை பெய்யும், நாடு செழிக்கும். மஞ்சள்னா வீடுகள்ல நல்ல காரியம் நடக்கும். சிவப்புன்னா? அந்த வருஷம் நாட்டுல அமைதி இருக்காது, விளைச்சல் சரியிருக்காதுன்னு பேசிக்குவாங்க.

கவனிச்சீங்களா? அதே ஊரு, அதே திருவிழா, அதே ஜனங்க. வாரத்தோட ஆரம்பத்துல மங்கலமா இருந்த நிறம், வாரக் கடைசியில அபாயம் ஆயிடுது. இதுல யாருக்கும் எந்தக் குழப்பமும் வர்றதில்ல. கோடிங் பண்றவங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, நிறம் ஒரு வேரியபிள் மாதிரி. அதோட மதிப்பு அது எந்த ஃபங்ஷனுக்குள்ள இருக்குங்கிறதைப் பொறுத்தது. இன்னைக்கு நான் பேச வந்தது அந்த ஃபங்ஷனை யார் எழுதுறாங்கங்கிறதைப் பத்தி.

முதல்ல, ஏன் சிவப்பு மேல மனுஷனுக்கு இவ்வளவு கண்ணு? 1969ல பிரெண்ட் பெர்லின், பால் கேன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உலக மொழிகள்ல இருக்கிற நிறச் சொற்களைப் பத்தி ஒரு புத்தகம் போட்டாங்க. அவங்க கண்ட ஒழுங்கு இது: ஒரு மொழியில நிறத்துக்கு ரெண்டே ரெண்டு அடிப்படைச் சொல் இருந்தா, அது கருப்பும் வெள்ளையும். மூணாவதா ஒரு சொல் இருந்தா, அது சிவப்பு. பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் அதுக்கப்புறம்தான். ரத்தம், தீ, பழுத்த பழம், சாயங்கால வானம். பார்த்தவுடனே ஏதாவது செய்யணும்னு தோணுற விஷயங்கள்ல பாதிக்கு மேல சிவப்பாத்தான் இருக்கு. அதனாலதான் உங்க போன்ல வாட்ஸ்அப் ஐகான் மேல வர்ற அந்த எண்ணைச் சிவப்பு வட்டத்துல போடுறாங்க. சாம்பல் நிறத்துல போட்டா நீங்க திறந்து பாக்க மாட்டீங்க.

நம்ம மொழி இதுல இன்னும் ஒரு படி மேல போயிருக்கு. "செம்மை"ங்கிற ஒரே சொல்லுக்குச் சிவப்புன்னும் அர்த்தம், நேர்மை, சிறப்புன்னும் அர்த்தம். செம்மண்ணுல இருக்கிற "செம்" நிறம். செம்மொழியில இருக்கிற "செம்" சிறப்பு. செங்கல் சிவப்பா இருக்கும்; செங்கோல் வளையாம இருக்கும். முருகனுக்குப் பழைய பேரு சேயோன், அதாவது சிவந்தவன். திருப்பரங்குன்றம் ஒரு பக்கம், பழமுதிர்ச்சோலை இன்னொரு பக்கம்னு மதுரை ரெண்டு சேயோன்களுக்கு நடுவுல இருக்கிற ஊரு. இது நமக்கு மட்டும் தோணின விஷயம்னு நினைச்சிடாதீங்க. மாஸ்கோவுல செஞ்சதுக்கம்னு சொல்றோமே, அந்தப் பேருல இருக்கிற ரஷ்யச் சொல்லுக்குப் பழைய காலத்துல "அழகான"ன்னுதான் பொருள். கம்யூனிஸ்ட் ஆட்சி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தச் சதுக்கத்துக்கு அந்தப் பேரு வந்துடுச்சு.

சரி, சிவப்பு நல்லதுன்னு மொழியே சொல்லுது. அப்ப செவ்வாய் தோஷம் எங்க இருந்து வந்துச்சு?

மேட்ரிமோனி ஆப்ல புரொஃபைல் போட்டவங்களுக்குத் தெரியும், "செவ்வாய் தோஷம் உண்டா, இல்லையா"ன்னு ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கிரகம் சிவப்பாத் தெரியறதுக்குக் காரணம் அதோட மண்ணுல இருக்கிற இரும்பு ஆக்சைடு. எளிமையா சொன்னா துரு. நம்ம ஊரு செம்மண் சிவப்பா இருக்கிறதுக்கும் கிட்டத்தட்ட அதே காரணம்தான். இதுல சுவாரசியம் என்னன்னா, வடமொழியில அந்தக் கிரகத்துக்கு மங்களன்னு பேரு. மங்களம்னா நல்லது. 2013ல இஸ்ரோ அனுப்பி, 2014 செப்டம்பர்ல செவ்வாயைச் சுத்த ஆரம்பிச்ச விண்கலத்துக்கு எல்லாரும் வச்ச பேரு மங்கள்யான். பேருல மங்களம், ஜாதகத்துல தோஷம். அந்தத் தோஷத்தால கல்யாணம் தள்ளிப்போற வீடுகள்ல, பெரும்பாலும் கேள்வி கேக்கப்படுறது பொண்ணு.

இப்ப கொஞ்சம் வெளியூர் போய்ட்டு வருவோம். சீனாவுல கல்யாணப் பொண்ணுக்குச் சிவப்பு, புத்தாண்டுக்குச் சிவப்பு, பணம் வச்சுக் குடுக்கிற உறையும் சிவப்பு. சிங்கப்பூர், மலேசியாவுல அதை அங்பாவ்னு சொல்வாங்க. அங்க இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்கள் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கிட்டு, தீபாவளிக்குப் பிள்ளைங்களுக்கு உறையில காசு வச்சுக் குடுக்கிறாங்க. அந்த உறை மயில், கோலம், குத்துவிளக்குப் படம் போட்டுப் பல நிறத்துல வருது. வழக்கம் ஊரு மாறினப்ப நிறமும் மாறிடுச்சு.

கானாவுக்குப் போனா, அகான் மக்கள் சாவு வீட்டுக்குச் சிவப்பும் கருப்பும் உடுத்திக்கிட்டுப் போவாங்க. நெருங்கின சொந்தம்னா சிவப்பு. அங்க அது துக்கத்தோட நிறம். ஷேர் மார்க்கெட்ல பணம் போடுறவங்களுக்கு ஒரு தகவல்: நம்ம ஊர்ல ஸ்கிரீன் சிவப்பானா நெஞ்சு அடைக்கும், இல்லையா? சீனா, தைவான் சந்தையில விலை ஏறினா சிவப்பு, இறங்கினா பச்சை. பல நாட்டுக்காரங்க பயன்படுத்துற நிதி ஆப்கள்ல இதுக்குன்னே தனியா ஒரு செட்டிங் வைக்கிறாங்க. ஒரே ஸ்கிரீனைப் பார்த்து ஒருத்தர் சிரிக்கலாம், இன்னொருத்தர் தலையில கை வைக்கலாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜப்பான். அங்க அறுபது வயசு நிறைவைக் கன்ரெக்கின்னு கொண்டாடுறாங்க. நம்ம மாதிரியே அவங்க பழைய நாட்காட்டியிலயும் அறுபது வருஷம் ஒரு சுத்து. சுத்து முடிஞ்சா மனுஷன் திரும்பவும் பிறக்குற மாதிரின்னு சொல்லி, அறுபது வயசு ஆனவருக்கு ஒரு சிவப்புக் கையில்லாச் சட்டையும் தொப்பியும் போட்டு விடுவாங்க. பிறந்த குழந்தைக்குச் சிவப்பு போடுற பழைய வழக்கத்தோட தொடர்ச்சி அது. நம்ம ஊர்ல அறுபதாம் கல்யாணம்னா திருக்கடையூர். அங்க போகணும்னா தம்பதியாப் போகணும். ஜப்பான்ல அந்தச் சிவப்புச் சட்டை தனி ஆளுக்குரியது. புருஷன் இருக்காரா, பொண்டாட்டி இருக்காங்களான்னு கேக்குறதில்ல. அறுபது வயசு வரைக்கும் வாழ்ந்தீங்களா, அது போதும்.

இந்த இடத்துல கொஞ்சம் கெமிஸ்ட்ரி பேசணும். பயப்படாதீங்க, எட்டாம் வகுப்பு லெவல்தான்.

வெள்ளைச் சட்டையில சாம்பார் கொட்டினா மஞ்சக் கறை. அதுல துணி சோப்பு போட்டதும் கறை சிவப்பா மாறும், பார்த்திருப்பீங்க. மஞ்சள்ல இருக்கிற குர்குமின்ங்கிற பொருள் காரம் பட்டா சிவக்கும். ஆரத்தித் தண்ணி சிவப்பா இருக்கிறதும் அதே விஷயம்தான். தண்ணியில மஞ்சப்பொடி, அதுல கொஞ்சம் சுண்ணாம்பு. சுண்ணாம்பு காரம், அதனால மஞ்சள் சிவக்குது. அதுலயே எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு விட்டுப் பாருங்க, திரும்ப மஞ்சளுக்கே போயிடும். பழைய முறையில குங்குமம் செய்றதும் மஞ்சளை எலுமிச்சைச் சாறு, வெண்காரம், படிகாரம் போட்டு ஊற வச்சுத்தான். ஆக, நம்ம வீட்டு மங்கலச் சிவப்பு தானா விளைஞ்சது இல்ல. யாரோ ஒருத்தர் அளவு பார்த்துக் கலக்கி உண்டாக்கினது.

எங்க வீட்ல அதைக் கலக்குறது அத்தை. அப்பாவோட தங்கச்சி. மாமா தவறிப் பதினோரு வருஷம் ஆச்சு. அப்ப இருந்து ஒத்தக்கடையில எங்ககூடத்தான் இருக்காங்க. யானைமலை தெரியுற மாடி ரூம் அவங்களோடது. எங்க தெருவுல எந்த வீட்ல விசேஷம்னாலும் ஆரத்தி கரைக்க அத்தையைத்தான் கூப்பிடுவாங்க. சுண்ணாம்பு கூடினா கருத்துடும், குறைஞ்சா செங்கல் நிறத்துல நின்னுடும். அந்தப் பக்குவம் அவங்க விரலுக்குத் தெரியும். ஆனா கரைச்சு முடிச்சதும் தட்டு இன்னொருத்தர் கைக்குப் போயிடும். சுத்துறவங்க சுமங்கலியா இருக்கணும். அத்தை அடுப்படிக்குப் போயிடுவாங்க.

எங்க அக்கா வளைகாப்புக்கும் அப்படித்தான். தட்டு வந்ததும் அக்கா சொன்னா, "அத்தை சுத்தட்டும்." அவளைச் சின்னப் பிள்ளையில தூக்கி வளர்த்தது அத்தை. கூடத்துல கொஞ்ச நேரம் யாருமே பேசல. ஒரு பெரியம்மா பேச்சை மாத்தினாங்க. அத்தையே, "வேணாம்டி, வயித்துப் பிள்ளைக்கு எதுக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. யாரும் அவங்களைப் போகச் சொல்லல, அவங்களாவே போனாங்க. எனக்கு உறைச்சது அதுதான். விதி அவ்வளவு ஆழமா உள்ள போயிருக்கு.

மூணு மாசம் கழிச்சு, பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தப்ப ராத்திரி ஒன்பது மணி. அம்மா, அப்பா, மாமா, நான் எல்லாரும் கார்ல. வீட்ல இருந்தது அத்தை மட்டும். வாசல்ல வண்டி நின்னதும் கதவு திறந்துச்சு. கையில தட்டோட அத்தை. யார் முகத்தையும் பாக்கல, பிள்ளையை மட்டும் பார்த்து மூணு சுத்து சுத்தினாங்க. அக்கா நெத்தியிலயும் பிள்ளை நெத்தியிலயும் தொட்டு வச்சுட்டுத் தண்ணியைத் தெருவுல ஊத்தினாங்க. "உள்ள வாங்க, பனி விழுது"ன்னாங்க. அவ்வளவுதான். அம்மா ஒண்ணும் சொல்லல. பையனுக்கு இப்ப ஒன்றரை வயசு. வீட்ல இருக்கிற எல்லா செடியையும் பிடுங்கிக்கிட்டு நல்லாத்தான் இருக்கான்.

சிலர் கேப்பீங்க: "இது நம்பிக்கை சம்பந்தப்பட்டது, இதுல எதுக்குத் தலையிடணும்?" நான் நம்பிக்கையைக் கேலி பண்ணல. குங்குமம் வச்சுக்கிறதும் வேண்டாம்னு விடுறதும் அந்தந்தப் பெண்ணோட விருப்பம். ஆனா ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. மாமா இருந்து அத்தை போயிருந்தா, மாமாகிட்ட இருந்து எந்த நிறத்தையும் யாரும் எடுத்திருக்க மாட்டாங்க. சபையில முன் வரிசையிலயே உட்கார்ந்திருப்பார். சந்தனம் குங்குமம் குடுத்தா வாங்கி வச்சிருப்பார். அத்தைக்கு மட்டும், கல்யாணத்துக்கு முன்னாடி, சின்னப் பிள்ளையில இருந்து வச்ச பொட்டும் சேர்ந்து போயிடுச்சு. கல்யாணத்துல வந்தது தாலின்னா அதோட நிக்கணும்ல? பிறந்ததுல இருந்து இருந்த பொட்டு எப்படிக் கணக்குல வந்துச்சு?

இந்த விதியை மாத்த முடியுமா? மாத்தின ஊருங்க இருக்கு. மகாராஷ்டிராவுல கோலாப்பூர் மாவட்டத்துல ஹெர்வாட்னு ஒரு கிராமம். 2022 மே மாசம் அந்தக் கிராமப் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டுச்சு: கணவன் இறந்ததும் மனைவியோட குங்குமத்தை அழிக்கிறது, வளையலை உடைக்கிறது, தாலியை அறுக்கிறது, மெட்டியைக் கழட்டுறது எதையும் இனி எங்க ஊர்ல செய்யக் கூடாது. அதே மாசத்துல மகாராஷ்டிர அரசு, மத்த ஊராட்சிகளும் இதைப் பின்பற்றணும்னு சுற்றறிக்கை அனுப்புச்சு. ஒரு பஞ்சாயத்துத் தீர்மானத்தால ஒரே நாள்ல எல்லார் மனசும் மாறிடாது. ஆனா அந்த ஊர்ல பொட்டு வச்சுக்கிட்டு வெளிய வர்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "இது முறையில்லையே"ன்னு ஒருத்தர் சொன்னா, "இதுதான் இப்ப முறை"ன்னு பதில் சொல்ல ஒரு காகிதம் இருக்கு.

நம்ம தமிழ்நாட்லயே இன்னொரு வழியும் நடந்திருக்கு. மேல்மருவத்தூர். சென்னையில இருந்து திருச்சி ரோட்டுல வந்தா தைப்பூச சீசன்ல பார்த்திருப்பீங்க, பஸ் பஸ்ஸா செவ்வாடை. ஆணும் சிவப்பு, பெண்ணும் சிவப்பு. அந்தக் கோயில்ல பெண்களே கருவறைக்குள்ள போய்ப் பூஜை பண்ணலாம். மாதவிலக்கு நாள்னு தடை கிடையாது. கைம்பெண்ணுன்னும் தடை கிடையாது. 2023 அக்டோபர்ல பங்காரு அடிகளார் காலமானப்ப நிறைய பேர் அவரைப் பத்தி எழுதினதுல திரும்பத் திரும்ப வந்த விஷயமும் இதுதான். அந்த வழிபாட்டு முறையை நீங்க ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம். ஆனா அந்த பஸ்ல வர்ற ஐம்பது பெண்கள்ல யாருக்குக் கணவர் இருக்கார், யாருக்கு இல்லன்னு சேலையை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே சிவப்பு. எங்க தெருவுல இருந்து வருஷா வருஷம் இருமுடி கட்டிட்டுப் போற ரெண்டு மூணு பேர், வீட்டு விசேஷத்துல பின் வரிசையில உட்கார்றவங்க. அங்க போனா அவங்களே பூஜை பண்றாங்க.

கொடியிலயும் இது நடந்திருக்கு. 1923 மே 1, சென்னைக் கடற்கரையில சிங்காரவேலர் இந்தியாவோட முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அன்னைக்குச் செங்கொடிக்குத் துணி கிடைக்காம, அவரோட மகளோட சிவப்புச் சேலையைக் கிழிச்சுக் கொடியாக்கினதா ஒரு கதை சொல்வாங்க. கதையோ நிஜமோ, அதுல இருக்கிற விஷயம் தெளிவானது. காலையில வீட்டுச் சேலையா இருந்த சிவப்பு, சாயங்காலம் தொழிலாளியோட உரிமைன்னு அர்த்தம் ஆயிடுச்சு. துணி மாறல. அதைப் பிடிச்ச கையும் அது நின்ன இடமும் மாறிச்சு.

சொல்லுலயும் நடந்திருக்கு. "விதவை"ங்கிற வடமொழிச் சொல்லுல ஒரு பொட்டு கூட இல்ல, "கைம்பெண்"னு தமிழ்ல சொன்னா ரெண்டு பொட்டு இருக்குன்னு கலைஞர் சொன்னதா பிரபலமா ஒண்ணு சொல்வாங்க. எழுதிப் பாருங்க, ம் மேல ஒரு புள்ளி, ண் மேல ஒரு புள்ளி. கேட்டதும் சிரிப்பு வரும். ஆனா சொல்லுக்குக் குடுத்த பொட்டை ஆளுக்கும் குடுக்கணும்ல?

ஆக, நான் சொல்ல வந்தது இதுதான். சிவப்பு எல்லா ஊர்லயும் கண்ணை இழுக்கும், அது இயற்கை. ஆனா அது மங்கலமா, துக்கமா, லாபமா, நஷ்டமான்னு சொல்றது மனுஷங்க போட்ட விதி. ஆரத்தித் தண்ணி மாதிரி, கலக்கி உண்டாக்கினது. உண்டாக்கினதை வேற மாதிரியும் உண்டாக்கலாம். அதுக்குப் பஞ்சாயத்துத் தீர்மானமோ பெரிய இயக்கமோ வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு அவசியமில்ல.

உங்ககிட்ட ஒரு ஹோம்வொர்க். உங்க வீட்ல அடுத்த விசேஷம் எதுவோ, வளைகாப்போ, நிச்சயமோ, கிரகப்பிரவேசமோ, வேலைகளைப் பிரிக்கிறப்பவே "ஆரத்தி: இன்னார், இன்னார்"னு பேரு எழுதி ஃபேமிலி குரூப்ல போட்டுடுங்க. தட்டு கைக்கு வந்தப்புறம் கேட்டா, கூட்டத்துக்கு முன்னாடி அவங்களே வேணாம்னு சொல்லிட்டு உள்ள போயிடுவாங்க. ஒரு வாரம் முன்னாடி, தனியா, காபி குடிக்கிறப்ப கேளுங்க. முதல் தடவை வேணாம்னுதான் சொல்வாங்க. ரெண்டாவது தடவையும் கேளுங்க. யாராவது முகம் சுளிச்சா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவங்க இல்ல, நீங்க.

உங்க ஊர்ல சிவப்புக்கு வேற ஏதாவது அர்த்தம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. குறிப்பா, அழகர் பட்டு பத்தி உங்க வீட்டுப் பாட்டி என்ன சொல்வாங்கன்னு கேட்டு ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துடுவோம்.